‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னதைத் திரும்பப் பெறப் போன நாள்

வெள்ளைக் கோட்டுத் தைத்துக்கொண்டு வந்திருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துவிடுங்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கினால் அதையும்தான். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வருவதற்கு முன்பே டொக்டராகிவிட்ட பிள்ளைகளுக்குக் கண்டியில் ஒரு குறையும் இல்லை. இங்கே இப்போது தேவைப்படுவது சக்கர நாற்காலி தள்ளுவதற்கு நான்கு பேர், இலக்கத் துண்டு எடுத்துக் கொடுப்பதற்கு இரண்டு பேர், பயந்துபோய் இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எத்தனை பேர் கிடைத்தாலும் சரி.

நான் இந்த வைத்தியசாலையின் விசாரணை மேசையில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். எக்ஸ்-ரே எங்கே, மருந்து கொடுக்கிற இடம் எங்கே, கழிப்பறை எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கு மூன்று மொழிகளில் பதில் சொல்லி ஓய்வு பெற்றேன். அதில் கடைசி ஆறு வருடங்கள் உங்களைப் போன்ற தொண்டர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். யார் பொறுப்பெடுப்பது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததில் குனிய மறந்துவிட்டேன்.

உங்கள் படிவத்தின் மேலே ‘மருத்துவம் சாராத தொண்டர் சேவை’ என்று எழுதியிருக்கிறது. அதில் ‘மருத்துவம்’ வரைக்கும்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள். ‘சாராத’ என்பது கண்ணில் படுவதில்லை. அந்தச் சொல்லை வாசிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது நான்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசிவரை கேளுங்கள்.

அந்தப் பிள்ளையைத் தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் உங்களில் இரண்டு பேருக்காவது சொந்தமாக இருந்து தொலைக்கும். நகரத்திலே நல்ல பாடசாலை, நல்ல ஆங்கிலம், நல்ல புள்ளிகள். வந்த முதல் நாளே சான்றிதழுக்கு எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்று கேட்டாள். இரண்டாம் நாள் அம்மா தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டோடு வந்தாள். தொண்டர்கள் வெள்ளை போடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைத் தட்டச்சுச் செய்ததே நான்தான். ஆனால் அந்த அம்மா கிறிஸ்மஸுக்கு எனக்கு வீடு தேடி வந்து கேக் தந்தவர். அந்தக் கேக் நன்றாகவும் இருந்தது. ஆகவே விதி என் மேசையின் கண்ணாடிக்கு அடியில் படுத்திருந்தது, கோட்டு வார்டெங்கும் நடந்து திரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சத்திரசிகிச்சைக் கிளினிக். அன்று வந்தவர்களில் முத்துராஜ் என்று வீடு கட்டும் ஒரு மேசன் பாஸ். ஐம்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தெல்தெனிய பசாருக்குப் பின்னால் குடியிருப்பவர். சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவார். கழுத்தில் ஒரு கட்டி. அதை மறைக்க அந்த வெயிலிலும் கொலரை மேலே தூக்கி விட்டிருந்தார். இரண்டு கிழமைக்கு முன்னால் அந்தக் கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று அவர் செய்ய வேண்டியது, கவுண்டரில் அறிக்கையை வாங்கி, தன் இலக்கம் வரும்வரை இருந்து, பெரிய டொக்டரிடம் காட்டுவது. அவ்வளவுதான்.

அறிக்கை வாங்கும் வரிசை நீளமாக இருந்தது. தர்ஷினி அவருடைய இலக்கத் துண்டை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று, அறிக்கையை எடுத்துவந்து கொடுத்தாள். அதுவரை அருமையான தொண்டு. கையோடு திரும்பியிருந்தால் இன்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு கதை இருந்திருக்காது.

அவர் அறிக்கையைப் பார்த்தார். ஆங்கிலம். அவளைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு.

“என்னங்க டொக்டரம்மா போட்டிருக்கு?”

இந்தக் கேள்விக்குச் சரியான விடைகள் இரண்டு உண்டு. ஒன்று, நான் டொக்டரம்மா இல்லை. இரண்டு, அதை டொக்டர்தான் சொல்லவேண்டும். எல்லாப் பாடத்திலும் ஏ எடுக்கப்போகும் பிள்ளைக்கு அந்த இரண்டும் தெரியவில்லை. அவள் தாளை வாங்கி வாசித்தாள். இரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு எண்ணும் இருக்கவேண்டிய எல்லைக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எல்லாம் நோர்மல், ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தத் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் குத்தியிருந்தது. அதை அவள் புரட்டவில்லை.

அவருடைய இலக்கம் எண்பதுக்கு மேல். உள்ளே முப்பதுகூடத் தாண்டவில்லை. டொக்டரம்மாவே சொன்ன பிறகு எதற்கு மத்தியானம்வரை குந்தியிருக்கவேண்டும்? அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் புறப்பட்டுவிட்டார். போகும் வழியில் என் மேசைக்கு வந்து, நல்ல சேதி சொல்லிட்டாங்க மிஸ் என்று கும்பிட்டார். சந்தோசம், போயிட்டு வாங்க என்றேன். யார் சொன்னது என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தொரு வருட அனுபவம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அதோடு விட்டேனா? தர்ஷினியைக் கூப்பிட்டு, அந்த மனுசனுடைய முகத்தைப் பார்த்தாயா, அந்தச் சிரிப்புத்தான் சேவை என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் பாராட்டவும் செய்தேன்.

பதினொரு மணிக்குக் கிளினிக்கில் முத்துராஜின் பெயரை வரிசைக்கு முந்திக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் இல்லை. பொறுப்புத் தாதியே என் மேசைக்கு வந்தார். நாங்கள் அவரைச் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். பேராதனைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. உயர்த்தாமலே எல்லோரையும் எழுந்து நிற்கவைப்பார். ஆய்வுகூடத்தில் இருந்து பெரிய டொக்டருக்கு அழைப்பு வந்ததாம், அந்த ஆளை இன்றைக்கே பார்க்கச் சொன்னார்களாம். அவர் டொக்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாரே என்றேன். எந்த டொக்டரை என்று சிஸ்டர் கேட்டார். அப்போதுதான் தர்ஷினியின் முகத்தைப் பார்த்தேன். சுவரில் பூசிய சுண்ணாம்புக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

முத்துராஜிடம் அப்படிச் சொன்னது தான்தான் என்று, சிஸ்டர் போன பிறகு அவள் சொன்னாள். நான் அவளைப் பழைய பதிவேட்டு அலுமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த யோசனை அந்த மனிதரைப் பற்றியதாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நல்ல மனசு. எனக்கு ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. விஷயம் வெளியே வந்தால் தொண்டர் திட்டம் போகும், என் பெயரும் போகும். கிளினிக்குக்கு வராமல் போகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் ஒருவராக இவரும் இருக்கட்டும், வராதவர்களுக்குத் தபாலில் கடிதம் போடுவது வழக்கம்தானே, கடிதம் கிடைத்ததும் வந்துவிடுவார் என்று சொன்னேன். அதைப் புத்திமதி சொல்லும் குரலிலேயே சொன்னேன்.

தர்ஷினி அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவில் சொன்னாள்.

“லெட்டர் போனாலும் அவர் வரமாட்டார் மிஸ். நான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேனே.”

இரண்டு பேரும் சிஸ்டரிடம் போனோம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவர் தர்ஷினியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டா சொன்னீர்கள்? அவள் தலையாட்டினாள். பிறகு சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கேக் அப்போதுதான் எனக்குச் செமிக்காமல் போனது.

கிளினிக் புத்தகத்தில் முத்துராஜ் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கம் தெல்தெனியவில் ஓர் இரும்புக் கடையினுடையது. கடைக்காரர் அலவத்துகொடைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். அந்தப் பகுதி மேசன்மாருக்கு அவருடைய கடைதான் தபால் கந்தோர். கிளினிக்கில் இருந்து பேசுகிறோம், முத்துராஜை உடனே திரும்பி வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சிஸ்டர் என்னைச் சொல்லவைத்தார். ஆள் அப்போதுதான் பஸ்ஸால் இறங்கிக் கடையில் ஒரு புது மேசன் கரண்டி வாங்கிக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்லி, பிறகு எங்களிடம் சொன்னார்.

“அவரு இங்கதான் ஈக்கிறாரு மிஸ். ஆனா டொக்டரம்மாவே பாத்து ஒண்ணுமில்லண்டு செல்லிட்டாவாம். நாலரைக்கு வேன்ல கொழும்புக்குப் போறாராம், மூணு மாச வேல. வந்து பாக்கிறேண்டு செல்றாரு.”

இந்த அறிக்கை வரட்டும் என்றுதான் அந்தக் கொழும்பு வேலைக்குச் சம்மதிக்காமல் இருந்திருக்கிறார். அறிக்கை நல்லபடி வந்துவிட்டது அல்லவா, சம்மதித்துவிட்டார்.

முத்துராஜை நேரில் போய்ப் பார்க்கச் சொல்ல, சிஸ்டர் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அழைத்தார். அவர் கூட்டத்தில். இந்த நாட்டில் ஆள் தேவைப்படும்போதெல்லாம் அந்த ஆள் கூட்டத்தில்தான் இருப்பார். சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே கால். பிறகு சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: அந்த மனிதர் கடைக்காரரை நம்பவில்லை, கிளினிக்கை நம்பவில்லை, இந்தப் பிள்ளையை நம்பியிருக்கிறார். ஆகவே சொன்னவரேதான் போய்ச் சொன்னதைத் திரும்பப் பெறவேண்டும். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லாதீர்கள். தெரிந்தாலும் அது உங்களுடையது இல்லை என்றால் சொல்லாதீர்கள்.

ஒரு துண்டில், நாளைக் காலை ஏழரைக்கு நேராக என்னிடம் வரவும் என்று சிங்களத்திலும் தன்னுடைய கொச்சைத் தமிழிலும் எழுதித் தந்தார். தர்ஷினி பதினெட்டு தாண்டிய பிள்ளைதான், இருந்தாலும் அவளுடைய அம்மாவுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, தெல்தெனிய போய்வருகிற நேரமும் சான்றிதழ் மணித்தியாலத்தில் சேருமா மிஸ் என்று கேட்டார். சேரும் என்று சொல்லிவிட்டேன்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்தோம். உட்கார இடம் கிடைத்தது. தர்ஷினி கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய மடித்து, பையின் அடியில் திணித்தாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. வழி நெடுக ஒரு பொய்யைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டுவிட்டது, அதைப் போடாவிட்டால் அடுத்த முறை மருந்து தரமாட்டார்கள், நாளைக்கு வந்து போட்டுவிட்டுப் போங்கள். இதுதான் அந்தப் பொய். பயமுறுத்தாது, யாருடைய பிழையும் வெளியே வராது, அரசாங்க வைத்தியசாலை என்பதால் கையெழுத்து விடுபட்டது என்றால் எல்லோரும் நம்புவார்கள். விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கியபோது என் பொய் மெருகேறி முடிந்துவிட்டது. தர்ஷினிக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இடையில் பாதை திருத்த வேலை என்று பஸ்ஸை நெடுநேரம் நிறுத்தி வைத்தார்கள். இரும்புக் கடைக்குப் போய்ச்சேர மூன்றே கால். கடைக்காரர் வெளியே வந்து, எதுவும் கேட்காமல் ஓர் ஓட்டோவைக் கூப்பிட்டு வழி சொல்லி அனுப்பினார். விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆசை அவருக்கு இல்லாமல் இருந்திருக்காது. கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அன்று அவர் எங்கள் இரண்டு பேரையும்விட நல்ல தொண்டர்.

ஊரெல்லாம் வீட்டுக்குப் பூச்சு வேலை செய்கிறவரின் வீட்டுச் சுவர் பூசப்படாமல் செங்கல்லாக நின்றது. வாசலில் பயணப்பை கட்டித் தயாராக இருந்தது. அவருடைய மனைவி சாந்தி சோற்றுப் பொதி கட்டிக்கொண்டிருந்தார். முத்துராஜ் என்னை அடையாளம் கண்டு கதிரை எடுத்துப்போட்டார். தர்ஷினியைக் காட்டி, இது உங்க மகளாங்க என்று கேட்டார்.

நான் என் பொய்யைத் தொடங்கினேன். பதிவேடு, கையெழுத்து, மருந்து. வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு போயின. முத்துராஜ் சிரித்தார்.

“அதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க? அந்த டொக்டரம்மாகிட்ட சொல்லுங்க மிஸ், அவுங்க போட்டுவிட்டுருவாங்க.”

எனக்கு அடுத்த வரி வரவில்லை. அதை நான் செப்பனிட்டு வைத்திருக்கவில்லை. அப்போது தர்ஷினி எழுந்து நின்றாள்.

“அந்த டொக்டரம்மா நான்தான் அங்கிள். நான் டொக்டர் இல்ல.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கோட்டு இல்லாத முகம் அவருக்கு உடனே பிடிபடவில்லை. அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். தான் இன்னும் கம்பஸுக்குக்கூடப் போகாத பிள்ளை. அறிக்கையைப் பார்த்துச் சொல்லத் தனக்கு உரிமையும் இல்லை, அறிவும் இல்லை. முதல் தாளை மட்டும் பார்த்துச் சொன்னாள், இரண்டாவது தாளைப் புரட்டவே இல்லை. டொக்டர் அவரைத் தேடுகிறார். மிஸ் சொன்ன கையெழுத்துக் கதை பொய். அதையும் சொல்லிவிட்டாள். நான் கதிரையில் நெளிந்தேன்.

சாந்தி சோற்றுப் பொதியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். முத்துராஜ் சட்டைப்பையில் இருந்த அறிக்கையை எடுத்து, விரித்து, இரண்டாவது தாளை மேலே புரட்டி, தர்ஷினிக்கு முன்னால் நீட்டினார்.

“இப்ப பாருங்க. இதுல என்னா போட்டிருக்கு?”

அந்தத் தாள் அவளுடைய மூக்குக்கு நேரே இருந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். அவளுடைய கண்கள் அதற்குள் விழுந்துவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், என் கண்ணும் அந்தப் பக்கம்தான் போனது, மூக்குக்கண்ணாடி போடாததால் தப்பினேன். அவள் தாளைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது அங்கிள். இத நான் வாசிக்கக்கூடாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னதாலதான் நீங்க இப்ப பைய கட்டிட்டு நிக்கிறீங்க.”

“கேன்சரா?”

“தெரியாது. டொக்டருக்குத்தான் தெரியும். நாளைக்குக் காலையில அவர்கிட்ட நீங்களே கேக்கலாம்.”

அவர் என் பக்கம் திரும்பி, உங்களுக்காச்சும் தெரியுமா மிஸ் என்றார். எனக்கும் தெரியாது என்றேன். முப்பத்தொரு வருடத்தில் அந்த மேசையில் இருந்து நான் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. தெரியாத இடத்துக்கும் நேரே போய் இடப்பக்கம் திரும்புங்கள் என்று வழி காட்டியே பழகியவள்.

அப்போது சாந்திக்கு வாய் திறந்தது. என்ன பேசினார் என்று இங்கே முழுவதும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். நல்ல சேதி கேட்டதும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்ததைச் சொன்னார். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு ஏழைகளுடைய உயிர் படித்துப் பார்க்கிற புத்தகமா என்று கேட்டார். தர்ஷினி நின்ற இடத்திலேயே நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முறைதான் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொல்லி, அவர்களே இவளைச் சமாதானப்படுத்தவேண்டிய நிலைமைக்குக் கொண்டுபோகவில்லை. எங்களில் பல பேருக்கு அது தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போய் ஆறுதல் வாங்கிக்கொண்டு வருவோம்.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வேன் வந்து ஹோர்ன் அடித்தது. இந்த நாட்டில் நேரத்துக்கு முந்தி வந்த ஒரே வாகனத்தை அன்றுதான் பார்த்தேன். முத்துராஜ் பையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். மூன்று மாத வேலை. விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவான். எனக்கு வாய் துருதுருத்தது. ஏதாவது நல்லதாகச் சொல்லி, அவரை இழுத்துப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. தர்ஷினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் வெளியே போய் வேன்காரரிடம் ஏதோ பேசினார். வேன் போய்விட்டது. திரும்பி வந்து திண்ணென்று கதிரையில் உட்கார்ந்தார்.

“செவுரு கோணலா எழும்பிருச்சுன்னா இடிச்சிட்டு திரும்ப கட்டிருவோம் பாப்பா. கோணல்னு வாயத் தொறந்து சொல்றவன்தான் சைட்ல கெடைக்கமாட்டான்.” கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கு நீங்களும் அங்க நிக்கணும்” என்றார்.

நிற்கிறேன் என்றாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்டர் திட்டத்தை இரண்டு கிழமைக்கு நிறுத்தினார்கள். நான் மூன்று பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதினேன். அதில் கேக்கைப் பற்றி எழுதவில்லை, மற்றதெல்லாம் எழுதினேன். தொண்டர்கள் வெள்ளை உடை அணியக்கூடாது என்று ஒரு புதிய சுற்றறிக்கை வந்தது. பழைய சுற்றறிக்கையின் அதே வசனங்கள்தான், கீழே கையெழுத்து மட்டும் வேறு. பெரிய டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினார். அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை, உங்களிடம் திருப்பிச் சொல்வதாகவும் இல்லை.

அந்த இரண்டாவது தாளில் என்ன இருந்தது என்று கேட்க உங்களுக்கு வாய் ஊறும். எனக்கும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீண்ட வைத்தியம் நடந்தது. மனிதர் உயிரோடு இருக்கிறார், இரும்புக் கடை வாசலில் நின்று அரசியல் பேசுகிறார், தன் வீட்டுச் சுவரை இன்னும் பூசவில்லை. தர்ஷினிக்கு மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. வெட்டுப்புள்ளி கொஞ்சத்தால் தவறியது. இப்போது இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, படிக்கிறாள். அவளுடைய அம்மா உறவினர்களிடம் அதையும் டொக்டர் படிப்பு என்றுதான் சொல்லிவருகிறார். தர்ஷினி ஒவ்வொரு முறையும் இல்லையென்று திருத்துகிறாளாம். வீட்டில் அதனால் சண்டை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது மறுநாள் காலையைத்தான்.

ஏழரைக்கு முத்துராஜும் சாந்தியும் வந்தார்கள். தர்ஷினி சாதாரண உடுப்பில் வாசலில் நின்றாள். சிஸ்டர் அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியது. தர்ஷினி வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அரை மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. சாந்தி கையில் இரண்டு மூன்று துண்டுகளோடு அடுத்த பரிசோதனைக்கு இலக்கம் எடுக்க ஓடினார். முத்துராஜ் வந்து தர்ஷினிக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். டொக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. என் மேசையில் இருந்து பார்த்தால் அவளுடைய விரல்கள் பின்னிக்கொண்டு கிடந்தது தெரிந்தது. கேட்காமல் இருப்பது எவ்வளவு பாரமான வேலை என்று அந்த விரல்களைப் பார்த்தால் தெரியும். படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

கடைசியில் அவர், ஒரு பிளேன்டீ குடிச்சா நல்லா இருக்கும் என்றார். இரண்டு பேரும் கென்டீனுக்குப் போனார்கள். நானும் ஏதோ வேலை இருப்பதுபோல் பின்னால் போய் அடுத்த மேசையில் உட்கார்ந்தேன், அந்த ஒட்டுக்கேட்கும் புத்தி எனக்குக் கடைசிவரை போகவில்லை. அவர் நோயைப் பற்றிப் பேசவில்லை. மேல்தளத்தின் அடிப்பக்கத்தைப் பூசும்போது சாந்து விழாமல் எப்படி அடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அவளும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியில்லை என்று திருத்தினார். இருபது நிமிடம் இருக்கும். பிளேன்டீ ஆறிப்போனது.

எழும்பும்போது அவர் கேட்டார்.

“அடுத்த செவ்வா வரச் சொல்லிருக்காங்க. நீங்க வருவீங்களா?”

வருவேன் என்றாள் தர்ஷினி. அவர் ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சாந்தி எந்த வரிசையில் நிற்கிறார் என்று தேடிக்கொண்டு நடந்தார். அவள் அவருடைய பையை எடுத்துக்கொண்டு, அவருடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்து, பக்கத்தில் போனாள்.